வெள்ளைச் சட்டைக்காரன் காத்துல இருந்த நேரம்

அம்மிணி,

நீ இதைப் படிக்கறச்சே ரெண்டாயிரம் பொறந்திருக்கும். உனக்குத் தமிழ் வாசிக்க வருமோ வராதோ, அதுவே எனக்கு ஒரு கவலை. வரல்லைன்னா யாரையாவது வாசிச்சுக் காட்டச் சொல்லு. பெரியம்மாவை மட்டும் கேட்காதே, அவளைப் பத்தியும் இதுல ரெண்டு வார்த்தை இருக்கு. இன்னிக்கு உனக்கு நாலரை வயசு. நான் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்து ஆத்துல சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து எழுதிண்டிருக்கேன். உள்ளே பெரியம்மா உன் கவுனெல்லாம் மடிச்சுப் பெட்டியில வெச்சுண்டிருக்கா. நாளன்னிக்குத் தம்பானூர்லேர்ந்து ரயில், பம்பாய் போய் ப்ளேன், அப்புறம் கனடா. உங்கம்மா போய்ச் சேர்ந்து நாலு மாசமாறது. உன்னை அவளோட அக்காகிட்ட வளர அனுப்பறேன். ஏன் அனுப்பினேன்னு ஒரு நாள் நீ கேட்பே. அன்னிக்கு நான் இருக்கேனோ இல்லையோ, இப்பவே எழுதி வெச்சுடறேன்.

காரணமெல்லாம் ஒரு கிராஃப் பேப்பர்ல மூணு பத்தியாப் பிரிச்சு எழுதியிருக்கேன். எனக்கு அப்படித்தான் யோசிக்க வரும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஜூனியர் எஞ்சினியர், ஷிப்ட் டியூட்டி, ஒரு வாரம் கார்த்தால ஆறு மணிக்குப் போகணும், ஒரு வாரம் மத்தியானம். லீவெல்லாம் தீர்ந்தாச்சு. பெரியம்மாவுக்கு நல்ல வீடு, ஸ்கூல் நடக்கற தூரம், அவளுக்கு ஒரு பொண்ணு இருக்கா, உனக்குத் துணை. எந்தப் பத்தியைக் கூட்டினாலும் கனடான்னுதான் வரது. எல்லாத்துக்கும் மேல, நீயே போறேன்னு குதிக்கறே. "எப்போ ரயில்? நாளைக்கா?"ன்னு நாள் முழுக்கக் கேட்டுண்டிருக்கே. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். ஆனாலும் கார்த்தாலேர்ந்து மூணு தடவை உன் பாஸ்போர்ட்டைத் திறந்து போட்டோவைப் பார்த்துட்டேன், போட்டோ மாறிப் போயிருக்குமோன்னு.

உங்கம்மா எப்படி இருந்தான்னு பெரியம்மா உனக்குச் சொல்லுவா. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தவளைச் சொல்லுவா. ஆறு வருஷம் என்னோட இருந்தவளை நான்தான் சொல்லணும். அதுல முக்கியமானதைக் கேட்டா நீ சிரிப்பே. உங்கம்மா ஐஸ் மேல சறுக்கிண்டே குதிக்கற ஆம்பளைகளோட பரம ரசிகை. திருவனந்தபுரத்துல உட்கார்ந்துண்டு! ஐஸ்னா ஃப்ரிட்ஜுல இருக்கறதை மட்டும் பார்த்தவ.

அது இப்படி ஆச்சு. பெரியம்மா அவ பொண்ணோட பர்த்டேயை வீடியோ எடுத்து ஒரு காசெட் அனுப்பினா. எங்ககிட்ட ஏது வி.சி.ஆர்? மாடியில குடியிருந்த ரவிச்சேட்டன்தான் மஸ்கட்லேர்ந்து வரச்சே ஒண்ணு கொண்டு வந்திருந்தார். அங்க கான்ட்ராக்ட் முடிஞ்சு, அடுத்த விசாவுக்காகக் காத்துண்டு ஆத்துல சும்மா இருந்தார். காசெட்டைப் போட்டா டிவியில படம் கீழேர்ந்து மேல உருண்டுண்டே இருக்கு. நான்தான் பின்னாடி இருக்கற ஹோல்ட் திருகியைத் திருப்பி நிறுத்தினேன். கலர் வரல்லை, கறுப்பு வெளுப்புதான். கேக் வெட்டினா, எல்லாரும் பாடினா, பர்த்டே முடிஞ்சுது. சட்டுனு பார்த்தா ஒரு பெரிய ஐஸ் மைதானம். உன் பெரியப்பா எப்பவோ டிவியிலேர்ந்து பிடிச்சு வெச்சிருந்த காசெட் மேலயே பர்த்டேயையும் பிடிச்சிருக்கார். அழியாம மிச்சம் இருந்தது முப்பது நிமிஷம். ஆம்பளைகளோட ஸ்கேட்டிங் போட்டி, கடைசி ரெண்டு பேர்.

ரெண்டு பேரோட பேரும் எங்களுக்குத் தெரியாது. ஒருத்தன் கறுப்புச் சட்டை, ஒருத்தன் வெள்ளைச் சட்டை. நிஜத்துல சிவப்போ பச்சையோ, யார் கண்டா. கறுப்புச் சட்டை முதல்ல ஆடினான். கஷ்டமான குதி ஒண்ணும் எடுத்துக்கல்லை, எடுத்துண்டதை எல்லாம் பிசகில்லாம செஞ்சான். வெள்ளைச் சட்டை எடுத்த எடுப்புல ஆக்ஸல்னு ஒரு குதி குதிச்சான். மத்த குதியெல்லாம் பின்பக்கமாப் போய்க் குதிக்கறது, அது ஒண்ணுதான் முன்னாடி பார்த்துண்டு குதிக்கறது, அதனால அரைச் சுத்து கூட. இறங்கறச்சே கை ஐஸ்ல பட்டுடுத்து. அதுக்கப்புறம் பிரமாதமா ஆடினான். கடைசி நிமிஷம். இன்னும் ஒரு குதி பாக்கி. பின்பக்கமா வேகமாப் போறான், தோளைத் திருப்பறான், காசெட் தீர்ந்து போச்சு.

அதோட போச்சா? உங்கம்மா பெரியம்மாவுக்கு ஏர்மெயில்ல எழுதினா, யார் ஜெயிச்சான்னு. "அதையெல்லாம் இங்க யார் பார்க்கறா? பர்த்டே எப்படி இருந்தது? அதைச் சொல்லவே இல்லையே"ன்னு பதில் வந்தது. அதுலேர்ந்து எங்களுக்கு விடிஞ்சா அஸ்தமிச்சா இதே பேச்சு. அந்தக் கடைசிக் குதியை அவன் என்ன பண்ணியிருக்கணும்? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காப்பிக்கு அப்புறம் மாடிக்குப் போயிடுவோம். நீ உங்கம்மா மடியில.

ரவிச்சேட்டன் கறுப்புச் சட்டை கட்சி. "எஞ்சினியரே, அவன் புத்தியுள்ளவனாக்கும். வீழாதெ நின்னாப் போதும்னு நின்னான். மத்தவன் இனி ரெண்டு சுத்து மதி, ரெண்டே போதும், சிரிச்சுண்டு இறங்கட்டும். சிரிச்சா மார்க் கிட்டும்."

"சிரிக்கறதுக்கு மார்க்கா? அதுக்கு அவன் எதுக்கு ஐஸுக்கு வரணும், சினிமாவுக்குப் போகலாமே"ம்பா உங்கம்மா. "ஆரம்பத்துல கை பட்டுடுத்தோன்னோ சேட்டா, அதை அடைக்கணும்னா மூணு சுத்தே சுத்தியாகணும். ஆனா மூணு போதும். கூட வேண்டாம். கால் ஓய்ஞ்சு போச்சு அவனுக்கு."

நான்தான் நாலுன்னு சொன்னேன். உலகத்துல யாரும் போட்டியில சுத்தமா நாலு சுத்து சுத்தினதில்லைன்னு கமெண்டரிக்காரனே சொல்றான்னார் ரவிச்சேட்டன். நான் விடல்லை. நோட்புக் எடுத்துண்டு போனேன். வெள்ளைச் சட்டைக்காரன் நின்ன இடத்துலயே பம்பரமாச் சுத்தற ஒரு இடம் இருக்கு. அதை ஓட விட்டு, என் வாட்ச்சைப் பார்த்துண்டே, முகம் தெரியற ஒவ்வொரு தடவையும் ரவிச்சேட்டனைப் பேப்பர்ல புள்ளி வைக்கச் சொன்னேன். பத்துத் தடவை ஓட விட்டேன், பென்சில் முனை ரெண்டு தடவை உடைஞ்சுது. செகண்டுக்கு அஞ்சு சுத்து. அப்புறம் அவன் குதிக்கறதை ஒவ்வொரு படமா நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். கால் ஐஸை விட்டதுலேர்ந்து திரும்பத் தொடற வரைக்கும் இருபது படம். டிவியில செகண்டுக்கு இருபத்தஞ்சு படம். ஆக, காத்துல இருக்கறது பாயிண்ட் எட்டு செகண்ட். அஞ்சால பெருக்கு. நாலு. அச்சு மாதிரி நாலு.

உங்கம்மா நோட்டை வாங்கிப் பார்த்தா. திருப்பிக் குடுத்துட்டா. "ஏன்னா, கணக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா அவன் மூணு சுத்தி இறங்கறச்சேயே பாருங்கோ, நேரமே இல்லை அவனுக்கு. கடைசி நிமிஷத்துல பஸ்ஸைப் பிடிக்கற மாதிரி இறங்கறான். இதுல இன்னொரு சுத்துக்கு எங்க போவான்?"

"உனக்குத் தோணறது வேற, அளந்து பார்க்கறது வேற"ன்னேன்.

"அளந்தவாளைக் குதிக்கச் சொல்லுங்கோ"ன்னா. ரவிச்சேட்டன் சிரிச்ச சிரிப்புல நீ பயந்து அழுதே.

ஏழெட்டு மாசம் இப்படியே போச்சு. நான் விட்டுக் குடுக்கல்லை, அவளும் விடல்லை. பேசிண்டே சமைப்பா, பேசிண்டே துணி உலர்த்துவா. சில நாள் கோபமாவே போயிடும். ஒரு தடவை எல்லார் முன்னாடியும், "பத்தாம் கிளாஸ் கணக்கு தெரிஞ்சா இந்தப் பேச்சு வராது"ன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு அவ மாடியிலேர்ந்து எழுந்து வந்துட்டா. நான் மன்னிப்புக் கேட்கல்லை. கணக்கு என் பக்கம் இருக்கறச்சே எதுக்குக் கேட்கணும்னு இருந்துட்டேன்.

அவ போய் ரெண்டு மாசம் கழிச்சு, ஆபீஸ்ல ஒரு பழைய டெக்னிக்கல் பத்திரிகையைப் புரட்டிண்டிருந்தேன். கனடா, அமெரிக்கா டிவியில செகண்டுக்கு இருபத்தஞ்சு படம் இல்லை, முப்பது. ஒரு வரிதான். ஹோல்ட் திருகியைத் திருப்பி உருளற படத்தை நிறுத்தினதே நான்தான். நம்ம டிவி வேகத்துக்கு அந்தப் படம் ஏன் ஒத்துப்போகல்லைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இருபது படத்தை முப்பதால வகுத்தா செகண்டுல மூணுல ரெண்டு பங்குதான். அஞ்சால பெருக்கினா மூணு சுத்து, அதுக்கு மேல ஒரு துளி. அவ சொன்னதேதான். பஸ்ஸைப் பிடிக்கற மாதிரி. கண்ணால பார்த்தே சொன்னா. எழுந்து எங்கே போய்ச் சொல்றது? ரவிச்சேட்டனுக்கும் விசா வந்து குடும்பத்தோட மஸ்கட் போயாச்சு. அந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சுட்டு லைன் கம்ப்ளெயிண்ட் பார்க்கப் போயிட்டேன்.

இதை எழுதறது ஸ்கேட்டிங்குக்காக மட்டும் இல்லை. இனிமே எழுதப் போறதை எழுதாம உன்னை அனுப்பினா நான் மனுஷனே இல்லை. ஜூலை மழையில தெரு முழுக்கத் தண்ணி, கொல்லையில கணுக்கால் வரைக்கும். உங்கம்மா அதுல நடந்துதான் துணி எடுத்தா, பாத்திரம் எடுத்தா. ஜுரம் வந்தது. நான் கிராஃப் பேப்பர்ல நாலு மணி நேரத்துக்கொரு தரம் புள்ளி வெச்சேன். நூத்தி மூணு, நூத்தி மூணு, நூத்தி ரெண்டு. மூணாம் நாள் சாயங்காலம் தொண்ணூத்தொன்பது. கோடு அழகா இறங்கறது. அவ படுத்துண்டே, "ஏன்னா, ஜுரம் எறங்கறது சரி. ஆடுசதை ரெண்டும் யாரோ பிடிச்சு முறுக்கற மாதிரி இருக்கு. என் கண்ணைப் பாருங்கோ, செவசெவன்னு இருக்கு. எனக்கு என்னமோ சரியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"ன்னு கேட்டா. நான் கிராஃபைக் காமிச்சேன். "பாரு, இறங்கிண்டே வரது. இந்த மழையில எதுக்கு? நாளைக்கு நார்மல்"னேன். அவ பேப்பரைப் பார்க்கல்லை. என்னைப் பார்த்தா. அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துண்டா.

மறுநாள் கண்ணு மஞ்சளாயிடுத்து. ஒண்ணுக்குப் போகல்லை. ஆட்டோவுல கொண்டு போனேன். எலிப்பனி, அதாவது எலி ஜுரம்னு சொன்னார் டாக்டர், எலி மூத்திரம் கலந்த தண்ணியிலேர்ந்து வரதாம், முதல்ல ஜுரம் இறங்கும், அப்புறம்தான் கிட்னியைப் பிடிக்குமாம். "நேத்து கொண்டு வந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சவர் என் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திண்டார். ரெண்டு நாள் இருந்தா. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல்லை. பெரியம்மாகிட்டயும் சொல்லல்லை. எனக்கு இதுவரைக்கும் அழுகையும் வரல்லை. ரிசீவரை எடுத்தா டயல் டோன் வராத லைன் மாதிரி இருக்கேன். ஆபீஸுக்குப் போறேன், வரேன், உனக்குச் சாதம் பிசையறேன்.

புத்தி சொல்ல எனக்கு யோக்யதை இல்லை, இருந்தாலும் அப்பன் லெட்டர்ல ஒண்ணாவது இருக்கணும். பக்கத்துல இருக்கறவா "எனக்கு என்னமோ சரியில்லை"ன்னு சொன்னா, கையில எந்தப் பேப்பர் இருந்தாலும் கீழே வெச்சுடு. முதல்ல அவா முகத்தைப் பாரு. பேப்பர் எங்கயும் ஓடிப் போகாது.

அவ்வளவுதான் எழுதணும்னு இருந்தேன். கையெழுத்துப் போட்டு, கவர்ல வெச்சு, பெட்டி அடியில வைக்க இருந்தேன்.

மேல எழுதினதை அடிக்கல்லை, அப்படியே இருக்கட்டும். மத்தியானம் சாப்பிட்டப்புறம் ஒண்ணு நடந்தது. அதையும் எழுதறேன்.

பெட்டி நிரம்பி, பெரியம்மா மூடி மேல முட்டி போட்டு அழுத்திண்டிருந்தா. நீ பீரோவுலேர்ந்து உங்கம்மாவோட பச்சைக் கம்பளிச் சால்வையை இழுத்துண்டு வந்தே. அது தரையெல்லாம் புரண்டுண்டு வரது.

"இதையும் வை பெரியம்மா."

"இது எதுக்குடி? அங்க உனக்குப் புதுசா கோட்டே வாங்கித் தரேன்."

"எனக்கில்லை. அம்மாவுக்கு. அம்மாவுக்குக் குளிருமோன்னோ?"

பெரியம்மா முட்டியை எடுத்துட்டா. மூடி தானே திறந்துண்டுது. "எந்த அம்மாவுக்கு?"

"என் அம்மாவுக்கு. அங்கதானே இருக்கா, ஐஸ்ல. அப்பாதான் சொன்னா."

நான் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து நான் மட்டும் திரும்பி வந்த அன்னிக்கு நீ அம்மா எங்கேன்னு கேட்டே. ஒரு தடவை இல்லை, விடாம கேட்டே. அம்மாவுக்கு உடம்பு ரொம்பச் சுட்டதோன்னோ, அதனால ஜில்லுனு ஒரு இடத்துக்குப் போயிருக்கான்னு சொன்னேன். நீ சரின்னே. அதுக்கப்புறம் கேட்கவே இல்லை. குழந்தை சமாதானமாயிட்டான்னு நான் நிம்மதியா இருந்தேன். ஜில்லுனு இருக்கற இடம் உனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். அம்மா மடியில உட்கார்ந்துண்டு மாடியில பார்த்த பெரியம்மா ஊர் ஐஸ். இந்த நாலு மாசமா நீ போகணும் போகணும்னு குதிச்சது அதுக்குத்தான். அதைத்தான் நான் உன் சம்மதம்னு எழுதி, மூணாவது பத்தியில கடைசி வரியாப் போட்டிருக்கேன்.

பெரியம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டா. "இப்போ ஒண்ணும் சொல்லாதீங்கோ. அங்க போனப்புறம் மெதுவா நான் சொல்லிக்கறேன். குழந்தைதானே, ஒரு வாரத்துல மறந்துடுவா."

அவ சொல்றது நியாயமாத்தான் பட்டது. சொன்னா நீ போக மாட்டே. சொல்லாட்டி, ப்ளேன்லேர்ந்து இறங்கி அந்த ஊர்ல ஒவ்வொரு முகமாத் தேடுவே. நான் அந்த இடத்துல இருக்க மாட்டேன். ஸ்டவ் பக்கத்துல எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல்லை. பால் பொங்கி வழிஞ்சப்போ பெரியம்மாதான் அணைச்சா.

கூடத்துக்கு வந்து உன் எதிர்ல தரையில உட்கார்ந்தேன். "அம்மிணி, அப்பா பொய் சொல்லிட்டேன். அம்மா ஐஸ்ல இல்லை. அம்மா செத்துப் போயிட்டா"ன்னேன்.

"அப்போ ஆஸ்பத்திரியில இருக்காளா?"

"இல்லை."

"பெரியம்மா ஆத்துல?"

"அங்கயும் இல்லை கண்ணா."

"ரவி மாமா ஊர்ல?"

"எங்கயும் இல்லை. இனிமே பார்க்க முடியாது. நான் தேடினாலும் கிடைக்க மாட்டா."

நீ சால்வை ஓரத்துல இருக்கற நூலைப் பிடிச்சு இழுத்துண்டே இருந்தே. அழல்லை. என்னை மாதிரி ஆயிடுவியோன்னு இருந்தது. அப்புறம் கேட்டே, "அப்போ நான் எதுக்குப் போணும்?"

ஸ்கூல், துணை, நல்ல வீடு, எல்லாம் மனப்பாடமா இருந்தது. அதையெல்லாம் விட்டுட்டு, "உனக்கு எங்க இருக்கணும்?"னு கேட்டேன். இதை நான் கேட்டதே இல்லைன்னு கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது.

"இங்க."

"அப்பா கார்த்தால டியூட்டிக்குப் போயிடுவேனே?"

"போயிட்டு வா"ன்னே. அதோட எழுந்து சால்வையை இழுத்துண்டு பீரோவுக்குப் போனே. கதவைத் திறக்க எட்டல்லைன்னு கத்தினே. அப்போதான் அழுதே, எட்டல்லைன்னு. என்ன தூக்கியும் நிக்கல்லை. ஒரு மணி நேரம் அழுதே. என் சட்டைத் தோள் முழுக்க நனைஞ்சு போச்சு.

பெரியம்மா கோபம் எனக்குப் புரியறது. "நாலரை வயசு வாயில வரதைக் கேட்டுண்டு அவ ஜன்மத்தை முடிவு பண்ணுவேளா? நாளைக்கு இவளுக்கு ஒரு ஜுரம் வந்தா யார் பார்ப்பா? என் தங்கையைத்தான் அனுப்பி வெச்சாச்சு, இவளையும் இந்தத் தண்ணியில விட்டுட்டுப் போகச் சொல்றேளா?"ன்னா. அப்போதான் நான் அந்த மூணாம் நாளைப் பத்திச் சொன்னேன். கிராஃபைப் பத்தி, அவ ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டதைப் பத்தி, எல்லாம். அடிச்சிருந்தாக்கூட வாங்கிண்டிருப்பேன். அவ பெட்டியைத் திறந்து உன் கவுனையெல்லாம் எடுத்துக் கட்டில் மேல வெச்சா. ஒவ்வொண்ணா, மடிப்புக் கலையாம. அவ என்னை மன்னிச்சான்னு நினைக்காதே. உன்னை அழவெச்சுத் தூக்கிண்டு போக அவளுக்கு மனசு வரல்லை, அவ்வளவுதான். பெரியவளானப்புறம் அவளைத் தப்பா நினைச்சுடாதே. அவ கேட்டதெல்லாம் நியாயம்.

இப்போ மணி அஞ்சு. உன் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணப் பெரியம்மாவே தம்பானூர் போயிருக்கா. நான் வரேன்னேன், வேண்டாம்னுட்டா. நீ கட்டில்ல அந்தக் கவுன் குவியல் பக்கத்துலயே தூங்கிட்டே, வாய் திறந்துண்டு. நான் செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. இதைப் படிக்கறச்சே உனக்குத் தெரிஞ்சிருக்கும். கனடா போயிருந்தா நான் இப்படி இருந்திருப்பேன், அப்படி இருந்திருப்பேன்னு உனக்கு ஒரு நாள் கோபம் வந்தா, வரட்டும், என்கிட்டயே சொல்லு. குறுக்கே பேசாம கேட்டுப்பேன். அந்த மூணு பத்திப் பேப்பரைக் கிழிக்கல்லை, இதோட வெச்சிருக்கேன், நீயே கூட்டிப் பாரு.

நாளைக்கழிச்சுப் பெரியம்மா ரயில் ஏறிடுவா. அதுக்கு மறுநாள் கார்த்தால ஆறு மணிக்கு எனக்கு டியூட்டி. உன்னை யார்கிட்ட விட்டுட்டுப் போகப் போறேன்னு இன்னும் தெரியல்லை.

அப்பா